பவுலினக்காவின் கொண்டைக்காரன்

வலது காலின் பெருவிரலில் ஒரு தொட்டில் கயிறு, இடது கையில் இன்னொன்று. மடியில் கிடக்கும் மூன்றாவது பிள்ளைக்குப் பல் முளைக்கிற காலம், சீலைத் தலைப்பை மென்றுகொண்டிருக்கிறது. பவுலினின் கண் மட்டும் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு அசைவதில்லை. "போகாதடா, போகாத. அந்தக் கண்டாக்குப் பய ஒன்னைய மாட்டிவிடத்தான் கூப்புடுறான்," என்று பெட்டிக்குள் இருப்பவனை எச்சரிக்கிறாள். அவன் ஜப்பான்காரன். இடுப்பில் இரண்டு வாள், உச்சந்தலையில் ஒரு கொண்டை. விறைப்பாக நடந்து நேரே போய் மாட்டிக்கொள்கிறான். "சொன்னா கேக்கணும், இல்லாட்டி பட்டுத் தெரியணும்," என்று முணுமுணுத்துவிட்டு, மடியில் இருப்பதன் வாயிலிருந்து சீலையை இழுத்துக்கொள்கிறாள்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் கீழ்ப் பிரிவில் பவுலின் பிள்ளைக் காம்பரா ஆயா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார், கைப்பிள்ளைகளை இவளிடம் விட்டுப் போவார்கள். அதற்கென்று உள்ள நீளமான அறைதான் பிள்ளைக் காம்பரா. ஐம்பதைத் தாண்டிய பெண். குட்டை, பருமன், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. தோட்டத்து இளவட்டங்களில் பாதிப்பேர் இவள் காலாட்டித் தூங்கவைத்தவர்கள்தான். அந்த உரிமையில், மீசை வைத்த பையனைக்கூட நடு ரோட்டில் நிறுத்தி மூக்கைத் துடைத்துவிடுவாள்.

தொலைக்காட்சிப் பெட்டி, பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்லி ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்துப் போனது. மத்தியானம் பிள்ளைகள் சோறு தின்றுவிட்டுத் தூங்கும் நேரத்தில் அதில் ஒரு சிங்கள அலைவரிசையில் ஜப்பான் நாடகம் ஓடும். மொழி பவுலினுக்குத் தடையில்லை. சிறு வயதில் பொல்பிட்டியவில் ஒரு சிங்கள வீட்டில் வேலைக்கு நின்றவள். பிள்ளைகளுக்கான பெட்டியில் வாள்சண்டை பார்க்கலாமா என்று ஒருமுறை கணவர் ஞானரட்ணம் கேட்டார். "பாட்டு வச்சா எந்திரிச்சிருதுங்க. சண்டை வச்சா நல்லாத் தூங்குதுங்க," என்றாள். தொழிற்சாலையில் ரோலர் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்க்கும் மனுசனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஜப்பான் பெயர்களெல்லாம் மலையில் செல்லுபடியாகாது என்று முதல் வாரத்திலேயே பவுலினுக்குப் புரிந்துவிட்டது. ஆகவே நாயகன், கொண்டைக்காரன். கோட்டைக்குள் பட்டு மெத்தையில் உட்கார்ந்து கட்டளையிடும் பிரபு, பெரிய தொரை. இருவருக்கும் நடுவில் நின்று கோள் மூட்டுகிறவனுக்கு, தோட்டத்தில் தொரைக்குக் கீழே வேலை வாங்கும் உத்தியோகத்தரின் பெயர், கண்டாக்கு. இப்படிப் பெயர் சூட்டிய பிறகு கதை யாருக்கும் விளங்காமல் போகவில்லை. பால் கொடுக்க வரும் தாய்மார் கேட்டுக்கொண்டு போய் மலையில் சொல்வார்கள். கைப்பிள்ளை இல்லாதவர்களுக்கு அது நிரை நிரையாகப் போய்ச் சேரும். கடைசி நிரையை எட்டும்போது கொண்டைக்காரனின் வாள் ஒரு முழம் வளர்ந்திருக்கும்.

இதனால் கை ஓடுவது குறைகிறது என்று கங்காணி விஜிதரன் குறைப்பட்டுக்கொண்டார். இளம் கங்காணி, புதுச் சப்பாத்து. "கதை கேக்குற நேரத்துல நாலு கொழுந்தக் கிள்ளலாமுல்ல?" என்று அதட்டுவார். அதட்டி முடித்து இரண்டு நிரை தள்ளிப் போய், அங்கே தனியாக நிற்கும் ஒருத்தியிடம், "கண்டாக்கு மாட்டிக்கிட்டானா இல்லியா?" என்று மெதுவாகக் கேட்பார்.

போரைப் பற்றிப் பவுலினுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "இத்தனை ஆம்பளைங்களும் சண்டைக்குப் போயிட்டா, அந்தக் குதிரைங்களுக்கு யாரு புல்லு அறுக்குறது? ஒருத்தனும் காட்ட மாட்டேங்குறான்." மழைக்காலப் போர் ஒன்று மூன்று நாள் ஓடியது. காட்டுக்குள் முழங்கால் சேற்றில் புரண்டு புரண்டு வெட்டிக்கொண்டார்கள். பவுலின் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "அத்தனையும் பொய். இவ்வளவு ஈரத்துல ஒருத்தனைக்கூட அட்டை கடிக்கல." அட்டைக்குப் பயந்து இரண்டு காலிலும் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலையேறுகிற பெண்கள் அதை அப்படியே ஒப்புக்கொண்டார்கள்.

மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு கட்சி உண்டு. இரட்டைப் பிள்ளைக்காரி லோஜினிக்குக் கொண்டைக்காரன் மனைவியின் உடுப்புத்தான் கண்ணை உறுத்தியது. "அப்புடி இறுக்கிக் கட்டிக்கிட்டு அடுப்புல குனிய முடியுமா? அந்தச் சீலையோட ஒரு நாளைக்கு நம்ம மேட்டு மலைக்கு வரச் சொல்லுங்கக்கா, பாப்போம்." தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் மாயாண்டி, பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், பாதிக் கதை கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார். "ஏம்மா, அந்த ஊர்ல சங்கம் கிங்கம் ஒண்ணும் இல்லியா?" சுலக்ஷனா மட்டும் அபிப்பிராயம் சொல்வதில்லை. தலைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண். தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள். "அக்கா, அவன் வீட்டுக்கு வந்துட்டானா?"

எதிர்க்கட்சி என்றால் அது ராக்காயி. ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட ஒல்லிக்காரி. பறிப்பதில் இன்னும் முன் நிரை. பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. தேத்தண்ணிப் போத்தலை அடுப்போரம் வைக்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வருவாள், போத்தல் ஆறிப்போகும்வரை நிற்பாள். அவள் கொண்டைக்காரனின் மானத்தின் பக்கம். "ஆம்பளைன்னா சொன்ன சொல்லுக்கு நிக்கணும். மானம் போனா மனுசன் எதுக்கு?"

"மானம் போனா திரும்பி வரும்க்கா. மனுசன் போனா வருவானா?" என்பாள் பவுலின்.

"நீ வேதக்காரி, ஒனக்கு எல்லாத்துக்கும் மன்னிப்பு."

"சம்பளத்துல அரைப் பேரு போட்டாலே தலைவருகிட்ட ஓடுற ஆளு நீங்க. பெரிய தொரை வயித்தக் கிழிச்சுக்கன்னு சொன்னா கிழிச்சுக்குவீங்களா?"

"நான் மொதல்ல தொரை வயித்தக் கிழிப்பேன்," என்பாள் ராக்காயி. அந்த இடத்தில் மானத்தைப் பற்றிய விவாதம் எப்போதும் குழம்பிவிடும்.

பிள்ளைக் காம்பராவில் பவுலின் வைத்த சட்டம் ஒன்று உண்டு. பிள்ளை மார்பில் இருக்கும்போது சாவுக் கதை சொல்லக் கூடாது, தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும். பக்கத்து லயத்து வீட்டில் நிஜமாகவே இழவு விழுந்தாலும், பிள்ளை வாயெடுத்த பிறகுதான் செய்தி உள்ளே வரும். நாடகத்துக்கும் இதே சட்டம்தான். பிள்ளை பால் குடிக்கிற நேரத்தில் எத்தனை பேர் வெட்டுப்பட்டாலும் கதையில் அவர்கள் காயத்தோடு கிடப்பார்கள். சாயங்காலம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, வாசற்படியில் வைத்து, எல்லாரையும் மொத்தமாகச் சாகவிடுவாள்.

கொண்டைக்காரனின் நாள் வந்தபோதுதான் சட்டம் சிக்கலாகிவிட்டது.

எதிரிக்கு உளவு சொன்னான் என்று கண்டாக்கு மூட்டிய கோளைப் பெரிய தொரை நம்பிவிட்டார். சபை நடுவில் கொண்டைக்காரன் அவமானப்பட்டான். உன் கையாலேயே வயிற்றைக் கிழித்துக்கொண்டு மானத்தோடு சாகலாம் என்று அனுமதி கிடைத்தது. அதை ஏதோ பரிசுபோல அவன் குனிந்து வாங்கிக்கொண்டான். வெள்ளை உடுத்தினான், பாயில் மண்டியிட்டான். பவுலின் எழுந்து பெட்டியை அணைத்தாள். திரும்பவும் போட்டபோது பாயை மடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டில்கள் ஆடாமல் நின்று இரண்டு பிள்ளைகள் அழத் தொடங்கியிருந்தன.

சாயங்காலம் வாசற்படியில் எல்லாரும் காத்து நின்றார்கள். பால் கட்டும் என்ற சாக்கு அந்த நேரத்துக்குச் செல்லாது. "வந்துட்டானாக்கா?" என்றாள் சுலக்ஷனா.

"பெரிய தொரை கொஞ்சம் யோசிச்சாரு," என்றாள் பவுலின். "யோசிச்சிட்டு, சரி போ, வேற டிவிசனுக்கு மாத்துறேன்னுட்டாரு."

ராக்காயிக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. "இதுக்கா இத்தனை நாளு வாளைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சான்? தூ!" என்று துப்பிவிட்டுப் போனாள். மற்றவர்களுக்கு நிம்மதி. இடமாற்றம் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த தண்டனைதான்.

பவுலினுக்கு ஓர் அண்ணன் இருந்தான், றிச்சர்ட். தொழிற்சாலையில் வேலை. தேயிலைத் தூள் களவெடுத்தான் என்று அன்றைய பெரிய உத்தியோகத்தர் ஒருவர், பெரட்டில் அத்தனை பேர் நடுவில் அவனை நிறுத்திவைத்து ஏசினார். மானம் போன பிறகு என்ன சாப்பாடு என்று அன்று இராத்திரி தட்டைத் தள்ளிவைத்தான். விடியும்போது அவன் உயிரோடு இல்லை. ஒரு வாரம் கழித்து உண்மையான களவாணி தூள் மூட்டையோடு பிடிபட்டான். அந்த ஒரு வாரத்தைப் பொறுக்காமல் போன அண்ணன் மேல் பவுலினுக்கு இன்றைக்கும் கோபம். செத்தவனைக் கோபிப்பது பாவம் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிச் சொல்லியும் அந்தக் கோபம் போகவில்லை. அன்றைய பெரட்டில் நின்றவர்களில் ராக்காயியும் ஒருத்தி. இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பொய் சொல்வது சுலபம், வளர்ப்பதுதான் பாடு. நாடகத்தில் கொண்டைக்காரனின் மகன் பழிவாங்கக் கிளம்பிவிட்டான். பவுலினோ தகப்பனையும் சேர்த்துக் கட்டியிழுக்க வேண்டியிருந்தது. மாற்றிவிட்ட டிவிசன் எப்படிப்பட்டது என்று லோஜினி கேட்டாள். நானுஓயா மாதிரிக் குளிர் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் பவுலின். குளிர் என்றால் மரக்கறி விளையுமே என்றார்கள். ஆமாம், லீக்ஸ் போட்டிருக்கிறான் என்றாள். வாளை என்ன செய்தான்? பாத்தி வெட்டினான். கொண்டையை எடுத்துவிட்டானா? "அந்தப் பனியில கொண்டைய எடுத்தா சளி புடிக்காதா?" இரண்டு கிழமையில் லீக்ஸ் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பசுவும் வந்துவிட்டது. பசு சினை என்று சொன்ன அன்று, கை மீறிப் போகிறோம் என்று பவுலினுக்கே தோன்றியது.

அப்போதுதான் அலைவரிசைக்காரர்கள் அறிவித்தார்கள்: நாடகத்தின் கடைசிப் பாகம், சிறப்பு ஒளிபரப்பு, ஞாயிற்றுக்கிழமை பகல். செய்தி எப்படியோ மலைக்கும் போய்விட்டது. ஞாயிறு வேலை இல்லை. வீட்டுப் பெட்டியைக் கிரிக்கெட் பார்க்கும் ஆண்கள் பிடித்துவைத்திருப்பார்கள். ஆகவே எல்லாரும் பிள்ளைக் காம்பராவுக்கே வருவதென்று பவுலினைக் கேட்காமலே முடிவாகிவிட்டது. "பசு கன்னு போட்டிருச்சான்னு பாத்துறலாம்," என்றாள் லோஜினி.

இந்தத் தோட்டத்தில் பவுலினுக்கென்று இருப்பது அவள் வாய்ச்சொல் ஒன்றுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்று இவள் சொன்னால்தான் தாய் நிம்மதியாக மலையேறுவாள். ஒரு கொண்டைக்காரனை வைத்து இரண்டு கிழமை பொய் சொன்னவள் என்று தெரிந்துவிட்டால், நாளைக்கு எந்தத் தாய் அவள் வார்த்தையை நம்பிப் பிள்ளையை விட்டுப்போவாள்? பெட்டி பழுது என்றாள். பார்த்துத் தருகிறேன் என்று விஜிதரன் கங்காணி ஆவலோடு முன்வந்தார். கூரை மேல் இருக்கும் டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள் என்று கணவரிடம் கெஞ்சினாள். "மழையில கூரையேறி வழுக்கி விழுந்தா, என்னையும் வேற டிவிசனுக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லிருவ," என்றார் ஞானரட்ணம். ஞாயிறு காலைப் பூசையில், தொலைந்ததையெல்லாம் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாரிடம், இன்றைக்கு ஒருநாள் மட்டும் சிக்னலைத் தொலைத்துக் கொடுக்கும்படி மன்றாடினாள்.

அந்தோனியார் தமது வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. படம் துல்லியமாக வந்தது.

பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். லோஜினி பொரித்த கடலை கொண்டுவந்திருந்தாள். விஜிதரன் கூரைப் பீலியில் தண்ணீர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பவராக யன்னலுக்கு வெளியே குடையோடு நின்றார். தொடங்கியதும் முன்கதையைக் காட்டினார்கள். வெள்ளை உடுத்த ஒருவன் பாயில் மண்டியிட்டிருந்தான். முன்னால் ஒரு தட்டு, தட்டில் சின்னக் கத்தி. அடுத்து ஒரு கல்லறை, அதன் முன்னால் ஊதுவத்தி, தலை குனிந்து அவன் மனைவி.

"இது நம்ம கொண்டைக்காரன் இல்ல?" என்றாள் லோஜினி. கடலை மெல்லும் சத்தம் நின்றது.

சுலக்ஷனா பிள்ளையின் முகத்தைச் சீலையால் மூடினாள். "அப்ப அந்த லீக்ஸ் தோட்டம்?" என்று கேட்டாள்.

எல்லாரும் பவுலினைப் பார்த்தார்கள். அவள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். ராக்காயி எழுந்தாள். இரண்டு கிழமைக்கு முன் துப்பிவிட்டுப் போனவள்; இன்றைக்குச் சும்மா விடமாட்டாள் என்று பவுலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

ராக்காயி பெட்டியின் அருகே போய், அந்தக் கல்லறையைப் பார்த்தாள். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தாள்.

"இந்த டீவிக்காரனுக்குக் கதை ஒழுங்காத் தெரியல," என்றாள். "நீ சொல்லு புள்ள. கத்தியக் கொண்டாந்து முன்னால வச்சாங்களே, அப்புறம் அவன் என்னா செஞ்சான்?"

அவள் குரலில் கேலி இல்லை. சொல்லிவிட்டு, பவுலினுக்கு நேர் எதிரே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பொறுத்தான்க்கா," என்றாள் பவுலின். செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "ஒரு வாரம் பொறுத்தான். அதுக்குள்ள நெசமான களவாணியப் புடிச்சுட்டாங்க."

"புடிச்சாங்கல்ல?" என்றாள் ராக்காயி.

"புடிச்சாங்க. அந்தச் சபை நடுவுலயே கொண்டாந்து நிறுத்துனாங்க. இவன் பாயில இருந்து எந்திரிச்சான், அந்த வெள்ளையக் கழட்டுனான்…"

சொல்லிக்கொண்டே பவுலின் எழுந்து, அங்கே இல்லாத அந்த வெள்ளை உடுப்பை இரண்டு கையாலும் உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நாலாக மடித்து, சுருக்கம் போக நீவிவிட்டு, பிள்ளைகளின் துணி அடுக்கும் தட்டில் வைத்தாள்.